பச்சைக் கோடு பற்றிய தீர்மானம்

மலைப்பகுதி மருத்துவக் கருவிகள் பராமரிப்பு வாரியத்தின் அலுவலகம் கணியம்பாடியில் இருக்கிறது. கணியம்பாடி மலையில் இல்லை. அலுவலகத்தின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஜவ்வாது மலை தெரியும் என்று திறப்பு விழா அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு முன்னால் இரும்பு பீரோ நிற்கிறது.

நான் அங்கே ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். மலையிலிருந்து பழுதாகி வரும் கருவிகளின் சர்க்யூட் போர்டைப் பார்த்து, எந்த உறுப்பு எதனோடு சேர்கிறது என்று கணினியில் படமாக வரைவது என் வேலை. பழுதை நீக்குவது என் வேலை இல்லை. அதற்குக் களப் பொறியாளர் என்று ஒரு பதவி உண்டு. ஆறு ஆண்டுகளாகக் காலி. அந்த நாற்காலியில் ஆவணப் பிரிவுக் கண்காணிப்பாளர் சசிகலா மேடம் தன் சாப்பாட்டுப் பையை வைப்பார்.

நடந்ததெல்லாம் என் கடிதத்தால் நடந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில், புதூர்நாட்டுப் பக்கம் ஈச்சங்காடு என்ற மலைக் கிராமத்தில், சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. சோலாரில் ஓடும் ஃப்ரிட்ஜ். தடுப்பூசி மருந்தும் பாம்புக்கடி மருந்தும் அதில்தான் இருக்கும். அங்கே நர்ஸாக இருக்கும் ஈஸ்வரி, இருந்த மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டியில் அடுக்கி ஜீப்பில் திருப்பத்தூருக்கு அனுப்பிவிட்டு, எனக்குப் போன் செய்தார். அவர் ஊரில் சிக்னல் கிடையாது. அரை கிலோமீட்டர் நடந்து ஒரு பாறைமேல் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். அங்கிருந்துதான் பேசினார். காற்றுச் சத்தம் கேட்டது.

"சார், இதே மாதிரி ஃப்ரிட்ஜு மலைல பதினாலு சென்டர்ல இருக்குது. இதோட படம் உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க."

இருந்தது. ஃப்ரிட்ஜைச் செய்த கம்பெனி மூடிப் பல வருடம். கையேடு யாரிடமும் இல்லை. அதற்கு முன் கீழே வந்திருந்த இரண்டு போர்டுகளைப் பார்த்து நானே வரைந்து வைத்திருந்தேன். இரண்டிலும் ஒரே பழுது. ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் ஒரு ஜீனர் டயோடு. அவற்றை மாற்றி, ஒரு கம்பியை வேறு இடத்தில் சேர்த்தால் மறுபடி போகாது. படத்தில் அந்த இடத்தை வட்டமிட்டிருந்தேன்.

"வாணியம்பாடி சாகிப் பாய் வாரம் ஒருக்கா மேல வர்றாரு சார். டிவி, மிக்ஸி எல்லாம் பாப்பாரு. படம் குடுத்தா ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவேன்றாரு. படம் இல்லாம கை வெச்சா மிச்சம் இருக்கறதும் பூடும்ன்றாரு."

"இன்னிக்கே அனுப்புறேன் சிஸ்டர்."

வாரிய நடைமுறைப்படி படத்தை நான் அனுப்பக் கூடாது. ஆவணப் பிரிவுதான் அனுப்ப வேண்டும். சசிகலா மேடம் என் கணினித் திரையைத் தன் போனில் படம் பிடித்தார். வாட்ஸ்அப்பில் எழுத்தருக்கு அனுப்பினார். எழுத்தர் அதை அச்சிட்டு, முத்திரை குத்தி, அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பினார். மூன்று கை மாறி ஈஸ்வரிக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் பாறையிலிருந்து போன் வந்தது.

"சார், மழைல நனைஞ்ச நோட்டு மாதிரி இருக்குது. கோடு எது, எழுத்து எதுன்னே தெரில. சாகிப் பாய் பாத்துட்டு, இன்னாம்மா எக்ஸ்ரே குடுக்கறன்னு கேக்கறாரு."

அதன் பிறகுதான் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஜேபிஜி என்பது புகைப்படத்துக்கான வடிவம். முகத்துக்கும் மேகத்துக்கும் அது போதும். மெல்லிய கோட்டைச் சுற்றி அது அழுக்குப் படிய வைக்கும்; கை மாறும்போது அழுக்கு கூடும். சர்க்யூட் படத்தை மென்பொருளிலிருந்தே நேராகப் பிஎன்ஜி ஆகவோ பிடிஎஃப் ஆகவோ எடுத்து, வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால், எத்தனை முறை அனுப்பினாலும் கோடு கோடாகவே இருக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இதற்கென ஒரு பொது முறை வகுக்கப்பட்டால் நலம்.'

அந்த வரி தேவையில்லை. படித்தவன் என்று காட்டிக்கொள்ள எழுதியது.

இணை இயக்குநர் கலையரசன் அந்த வரியை மட்டும் படித்தார். என்னை அழைத்தார்.

"தம்பி அஜய், எந்த வடிவம்னே தெரியாம இத்தனை வருஷம் படம் அனுப்பினு இருந்திருக்கோம். இன்னா தைரியம் நமக்கு."

"பிஎன்ஜில அனுப்பிட்டா போதும் சார். ரெண்டு நிமிஷ வேலை."

"பிஎன்ஜின்னு யாரு முடிவு பண்ணது?"

"பொதுவா எல்லாரும் அப்படித்தான் சார்..."

"எல்லாரும்னா? கையெழுத்து போட்டிருக்காங்களா?" நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். "கேளு தம்பி. ஒரு படம் தப்பான வடிவத்துல போய், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பொறுப்பு நம்ம தலைல. படமே போகலன்னு வெச்சிக்க, யார் தலைலயும் இல்ல. இருபத்தாறு வருஷ சர்வீஸ். என் கையால தப்பா எதுவும் போனது கிடையாது. எதுவுமே போனது கிடையாது."

பெருமையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அன்று மாலையே 'மின்சுற்று வரைபடப் பகிர்வுக்கான மென்பொருள் மற்றும் பட வடிவத் தெரிவுக் குழு' அமைக்கப்பட்டது. கலையரசன் தலைவர். சசிகலா மேடம் உறுப்பினர். இன்னும் மூன்று உறுப்பினர்கள், பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் உட்காருபவர்கள். நான் செயலாளர்.

"உனக்கு வூட்ல இப்ப யாரும் இல்லல்ல?" என்றார் கலையரசன். "குழு வேலைக்கு அதான் சரி. லேட்டானா போன் பண்ணி எங்க இருக்கன்னு கேக்கறதுக்கு ஆள் இருக்கக் கூடாது." அன்பாகத்தான் சொன்னார். தோளைக்கூடத் தொட்டார்.

என் மனைவி அபிநயா இறந்து அப்போது எட்டு மாதம். காய்ச்சல், நான்கு நாள். அதைப்பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. குழு இருந்தால் மாலை ஆறரை ஆகிவிடும். பிறகு பேருந்து, பிறகு தூக்கம். எனக்கு அது வசதியாக இருந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

குழு முடிவெடுக்கும்வரை எந்தப் படத்தையும் எவருக்கும் எந்த வடிவிலும் அனுப்பக் கூடாது என்று பதினான்கு சுகாதார நிலையங்களுக்கும் சுற்றறிக்கை போனது. ஜேபிஜியில் போனது. அது மட்டும் தெளிவாக இருந்தது.

முதல் கூட்டம் ஜனவரியில். தொடங்கும் முன் அபிநயாவுக்கு இரங்கல் தீர்மானம் வாசித்தார்கள். எட்டு மாதமாகக் கோப்பில் நிலுவையில் இருந்ததாம். எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் நின்றோம். இருபது வினாடியில் சசிகலா மேடத்தின் போன் அடித்தது. மறுபடி முதலிலிருந்து நின்றோம். தீர்மானத்தின் நகல் அன்றே என் போனுக்கு வந்தது. அவள் பெயரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் புள்ளிப் புள்ளியாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் மோசமானது.

அதன் பிறகு குழு வேலைக்கு வந்தது. நான் வடிவங்களைப்பற்றி விளக்கினேன். சில வடிவங்கள் படத்தைப் புள்ளிகளாக வைத்துக்கொள்ளும். சில, இங்கிருந்து இங்கே ஒரு கோடு என்று கணக்காக வைத்துக்கொள்ளும், எஸ்விஜி போல. இரண்டாவது வகையை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. நாற்பது நிமிடம் பேசினேன். பத்து நிமிடத்தில் முடிக்கலாம்.

"தம்பி டாக்டரேட் பண்ணியிருக்கலாம்" என்றார் கலையரசன். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அதை நினைத்துக்கொண்டே பேருந்தில் போனேன். எட்டு மாதமாக எல்லோரும் என்னிடம் இரக்கப்பட்டார்கள். யாரும் பாராட்டவில்லை.

ஒரே படத்தைப் பதினோரு வடிவங்களில் சேமித்து ஒப்பிட வேண்டும் என்று முடிவானது. திரையில் பார்த்தால் கண் வலிக்கும் என்பதால் பதினொன்றையும் அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். அலுவலக பிரின்டரில் டோனர் கசிகிறது. பதினோரு தாளிலும் இடப்பக்கம் ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. உறுப்பினர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தார்கள்.

"எல்லாத்துலயும் இந்தப் பட்டை வருதே" என்றார் சசிகலா மேடம். "அப்ப எந்த வடிவமும் சரியில்ல."

"அது பிரின்டர் மேடம்."

"பிரின்டர இந்தக் குழு பாக்கலியே தம்பி. வடிவத்ததான பாக்குது."

'ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பதினோரு வடிவங்களிலும் ஒரே குறை காணப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினேன். எழுதியது நான்தான். அந்த வாக்கியம் நன்றாக அமைந்திருப்பதாகவும் நினைத்தேன்.

ஈஸ்வரி புதன்கிழமைதோறும் போன் செய்வார். புதன் தடுப்பூசி நாள். ஃப்ரிட்ஜ் இல்லாததால் விடிவதற்கு முன்பே ஜீப்பில் புதூர்நாட்டுக்குப் போய், ஐஸ் பெட்டியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் ஊசி போட்டு முடிக்க வேண்டும்.

"தடுப்பூசிய எப்படியோ சமாளிச்சிக்கினு இருக்கறேன் சார். பாம்புக்கடி மருந்துதான் பயமா இருக்குது. அத்த பெட்டில வெச்சினு உக்கார முடியாது. புளி உலுக்கற சீசன் வருது. எல்லாரும் மரத்துக்கடில சருகுல கைய விட்டுனு இருப்பாங்க."

"குழு நடந்துனு இருக்குது சிஸ்டர்."

"இன்னா குழு சார், ஒரு படம் அனுப்பறதுக்கு?"

பெயரை முழுதாகச் சொன்னேன். மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

பிப்ரவரிக் கூட்டத்தில் மென்பொருளை எடுத்துக்கொண்டோம். நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஒன்று. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். திரையில் படத்தைத் திறந்து காட்டினேன். கலையரசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். நின்றார்.

"தம்பி, இந்தக் கோடெல்லாம் இன்னா கலரு?"

"பச்சை சார். கம்பிகள அந்த மென்பொருள் பச்சைலதான் காட்டும்."

பிஸ்கட் தின்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

அலுவலகத்தில் பச்சை மை உயர் அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. எழுத்தர்கள் நீலம். தணிக்கைக்கு வருபவர்கள் சிவப்பு. கலையரசன் பச்சைக்கு உயர்ந்த நாளில் அலுவலகத்துக்கே லட்டு கொடுத்தார் என்று சொல்வார்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பச்சைப் பேனா இருக்கும். ஒன்று தீர்ந்துபோனால் நடுவில் இடைவெளி வந்துவிடக் கூடாது.

"எத்தனை கோடு இருக்குது இதுல?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"நூத்துப் பத்து இருக்கும் சார்."

"நூத்துப் பத்து எடத்துல பச்சை. ஒப்பந்த ஊழியர் போட்டது." நாற்காலியில் உட்கார்ந்தார். "உன்ன குத்தம் சொல்லல தம்பி. உனக்குத் தெரியாது. நான் இந்தப் பச்சைக்கு வர்றதுக்குப் பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஒரு கம்ப்யூட்டர் நிமிஷத்துல நூத்துப் பத்து போடுதுன்னா அப்புறம் நான் எதுக்கு இங்க உக்காந்துனு இருக்கறேன்?"

அவர் தன்னையே கேட்டுக்கொண்டது போல இருந்தது.

"நீலமா மாத்திடலாம் சார்" என்றேன்.

"நீலம் நம்ம எழுத்தருங்க கலரு" என்றார் சசிகலா மேடம். "நாளைக்கு எவனாவது ஒருத்தன் கைல ஒரு கோடு இழுத்து வுட்டா, எது மெஷின் போட்டது, எது ஆளு போட்டதுன்னு எப்படித் தெரியும்?"

கறுப்பு என்று முடிவானது. பிறகு சசிகலா மேடம் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். படத்தில் மின்தடை ஏழு, மின்தடை மூன்றுக்கு மேலே இருந்தது. வரிசை எண்ணில் பின்னால் வருவது எப்படி மேலே உட்காரலாம் என்று கேட்டார். அது போர்டில் இருக்கும் இடம் அப்படி என்றேன். போர்டு செய்த கம்பெனி மூடிப்போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்றார் ஓர் உறுப்பினர். அந்தக் கூட்டத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான். கடைசியாக, எந்த வடிவமானாலும் வாரியத்தின் முத்திரை படத்தின் நடுவில் நிழல் போலத் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். முத்திரையை நடுவில் வைத்தேன். நான் வட்டமிட்டிருந்த டிரான்சிஸ்டர் அதற்குள் போய்விட்டது.

சொல்லியிருக்கலாம். மணி ஆறு இருபது ஆகியிருந்தது. சொல்லவில்லை.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஈஸ்வரி நேரில் வந்தார். யாரும் அழைக்கவில்லை. ஜீப்பில் திருப்பத்தூர், அங்கிருந்து வேலூர் பஸ், அங்கிருந்து கணியம்பாடி. அதிகாலையில் கிளம்பியவர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். சேலையில் செம்மண் இருந்தது. நாற்பது வயது இருக்கும். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம்.

கலையரசன் மரியாதையாகத்தான் நடத்தினார். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"வாங்கம்மா, வாங்க. களத்துல இருக்கறவங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம். நீங்களே சொல்லுங்க. புள்ளி வடிவம் நல்லாருக்குமா, கோட்டு வடிவம் நல்லாருக்குமா?"

"எது வேணா குடுங்க சார். பாத்தா தெரியணும். அவ்ளோதான்."

"பாத்தா தெரியணும்." அவர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்க தம்பி. நல்ல கருத்து. துணைக்குழு ஒண்ணு போட்டு இத்தப் பாக்கணும்."

"துணைக்குழு வேணாம் சார். படம் வேணும். பஸ் ஏறி வந்துருக்கறேன். ஒரு பேப்பர்ல போட்டுக் குடுத்தா மடிச்சி எடுத்துனு போய்டுவேன்."

"உங்க அவசரம் புரியுதும்மா. உங்க ஒரு சென்டருக்கு அவசரப்பட்டு குடுத்துட்டா, மத்த பதிமூணு சென்டருக்கு நாங்க இன்னா பதில் சொல்றது? எல்லாருக்கும் சமமா, யாருக்குமே இல்லாம இருக்கறதுதான் நியாயம்."

ஈஸ்வரி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். சுவரைப் பார்த்தார். பதினோரு தாள்கள் ஒட்டியிருந்தன. முத்திரை வருவதற்கு முன் எடுத்தவை. கோடு, எண், நான் போட்ட வட்டம் எல்லாம் தெளிவாக இருந்தன. எழுந்து போனார். கைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு தாளுக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு படம் எடுத்தார்.

"ஐயோ, இன்னாம்மா பண்றீங்க?" சசிகலா மேடம் எழுந்துவிட்டார். "அது ஒப்புதல் ஆவாத படம்!"

"தெளிவா இருக்குதே மேடம்."

"தெளிவா இருக்கறதுதான் பிரச்சனை. தெளிவா இருந்தா ஜனங்க நம்பிடுவாங்க."

"போனு எடுக்கறது ஜேபிஜில" என்றார் கலையரசன் வருத்தத்தோடு. "மூணு மாசமா நாம எதுக்காகப் பாடுபட்டமோ, அந்த ஜேபிஜி. செயலாளரே, அம்மா போன வாங்கி அந்தப் படத்த எடுத்துடுங்க. மெதுவா. சங்கடப்படுத்தாம."

ஈஸ்வரி போனை என்னிடம் கொடுத்தார். நான் சும்மா பாவனை செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். போனைக் கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்று மாதமாகப் போனில் பேசிய பழக்கத்தில் பார்த்த பார்வை.

நீக்கினேன். பிறகு நீக்கிய படங்கள் போய்ச் சேரும் தொட்டியைத் திறந்து அங்கிருந்தும் நீக்கினேன். அப்படி ஒரு தொட்டி இருப்பது அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. அதை ஏன் செய்தேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு வேலையைக் கொடுத்தால் முழுதாக முடிக்கும் பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

ஈஸ்வரி போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"வரேன் சார். பஸ்ஸு போய்டும்."

வாசல்வரை போனேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"அடுத்த மாசம் கண்டிப்பா முடிவாயிடும் சிஸ்டர்."

"நீங்க சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டார். "மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது. உங்க வூட்டுக்காரம்மா தவறிட்டாங்கன்னு எழுத்தரு சொன்னாரு. தெரியாம இத்தனை நாளு உங்கள தொந்தரவு பண்ணினு இருந்துட்டேன்."

பதினாறு நாள் கழித்து ஈச்சங்காட்டில் மாணிக்கம்மாள் என்ற பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்தது. புளியமரத்தடியில், சருகுக்குள், வலது கையில். சுகாதார நிலையம் அவர் விழுந்த இடத்திலிருந்து பத்து நிமிட நடை. ஈஸ்வரி அங்கே இருந்தார். ஊசி போடத் தெரிந்தவர். மருந்து திருப்பத்தூரில் இருந்தது. ஜீப் கிடைத்து, கீழே போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. உயிர் பிழைத்தார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இதை ஈஸ்வரி எனக்குப் போன் செய்து சொல்லவில்லை. மாதாந்திர அறிக்கையில் ஒரு வரியாக வந்தது.

ஏப்ரல் கூட்டத்தில் அந்த வரியை வாசித்தேன். கலையரசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே வருந்தினார்.

"பாவம். ஆனா ஒண்ணு பாருங்க. பாம்பு கடிச்சது வடிவத்தாலயா? இல்ல. மென்பொருளாலயா? இல்ல. அந்த வகைல இந்தக் குழு மேல ஒரு சொல் வர முடியாது. நாம மட்டும் அவசரப்பட்டு அந்தப் படத்த குடுத்திருந்தோம்னு வெச்சிக்கங்க, ஃப்ரிட்ஜு ஓடியிருக்கும், மருந்து இருந்திருக்கும், ஊசி போட்டிருப்பாங்க. அப்புறம் கேஸுல எங்கியாவது ஒரு மூலைல நம்ம பேரு வந்திருக்கும்."

'உறுப்பினர்கள் வருத்தம் தெரிவித்தனர். மேற்படி பாம்பு இக்குழுவின் வரம்புக்குள் வராது எனக் குறிக்கப்பட்டது.' இதையும் நான்தான் எழுதினேன்.

அன்றே இறுதி முடிவும் எடுத்தார்கள். படம் டிஃப் என்ற பட வடிவில், சுவர் அளவு தாளுக்கு, மிக உயர்ந்த துல்லியத்தில், கறுப்பில், முத்திரையோடு. ஒரு படம் அறுநூறு எம்பிக்குப் பக்கத்தில் வந்தது. வாட்ஸ்அப்பில் போகாது. மின்னஞ்சலில் போகாது. அதனால் குறுந்தகட்டில் பதிந்து பதிவுத் தபாலில் அனுப்பத் தீர்மானித்தார்கள். பதினான்கு தகடுகள். ஒவ்வொரு உறையிலும் கலையரசன் பச்சை மையில் கையெழுத்திட்டார். நிதானமாக. இருபத்தாறு வருடத்தில் அவர் கையால் போகும் முதல் பொருள் என்பதால் எல்லோருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார்.

நான் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை போன் வந்தது. காற்றுச் சத்தம்.

"சார், வட்டமா ஒண்ணு வந்துருக்குது. எங்க கம்ப்யூட்டர்ல இத்தப் போடறதுக்கு எடமே இல்ல. திருப்பிப் பாத்தா கண்ணாடி மாதிரி இருக்குது. மூஞ்சி தெரியுது. படம் தெரில."

கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம், சொந்த வேலை. வேலூரில் டிரான்சிஸ்டரும் டயோடும் வாங்கப் பத்து நிமிடம் ஆனது. கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று மட்டும் கேட்டார். பதினான்கு ஜோடி வாங்கினேன். திருப்பத்தூரில் ஜீப்புக்குக் காத்திருந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஈச்சங்காடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

ஈஸ்வரி ஆச்சரியப்படவில்லை. வாங்க சார் என்றார். ஃப்ரிட்ஜைக் காட்டினார். துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். உள்ளே துணி மூட்டை, கணக்கு நோட்டுகள்.

பின்பக்கத்தைக் கழற்றினேன். படம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. மனப்பாடம். இரண்டு உறுப்பை எடுத்து, இரண்டு உறுப்பை வைத்து, கம்பியை இடம் மாற்றிப் பற்ற வைத்தேன். நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் சால்டரிங் அயர்ன் சூடாவதற்கு. சுவிட்சைப் போட்டதும் ஃப்ரிட்ஜ் முதலில் ஒரு முறை குலுங்கி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

ஈஸ்வரி அதன்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். ஓடுகிறதா என்று பார்ப்பது போல. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் மாணிக்கம்மாள் வந்தார். கட்டு மாற்றுவதற்கு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி. வலது கையை மார்போடு ஒட்டிப் பிடித்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"இன்னாம்மா, பொட்டி ஓடுது?"

"ஓடுது" என்றார் ஈஸ்வரி. "சார்தான் வந்து பண்ணாரு. கீழ ஆபீஸ்லர்ந்து."

"நல்லா இருப்பா." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, இத்தினி நாளு இன்னாத்துக்கு ஓடாம கெடந்துது அது?"

ஈஸ்வரி கட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. காத்திருந்தார்.

பச்சைக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்புப் பட்டை, பதினோரு தாள், கேசரி. போனிலிருந்து நான் நீக்கிய படம். இதையெல்லாம் அந்தக் கைக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வருகிற வழி முழுக்க ஜீப்பில் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். எல்லாம் பதிவேட்டு வாக்கியங்களாக இருந்தன.

"சாமான் கிடைக்கலம்மா" என்றேன்.

"எங்க கிடைக்கும் அது?"

"வேலூர்ல."

"வேலூர்ல இருந்து வர்றதுக்கா இத்தினி மாசம்?" பெருமூச்சு விட்டார். "நீ இன்னா பண்ணுவ, பாவம். குடுக்கற எடத்துல எவனோ குடுக்காம வெச்சினு இருந்திருப்பான். அவன் கையி..."

நிறுத்திக்கொண்டார். ஈஸ்வரி பழைய கட்டைப் பிரித்து முடித்திருந்தார். மாணிக்கம்மாள் தன் கையைப் பார்த்தார். மூன்று விரல்களும் வீக்கம் வடியாமல் இருந்தன. மற்ற இடம் தையலோடு கறுத்திருந்தது.

"வேணாம்" என்றார். "எவனுக்கும் வேணாம் இது."

ஈஸ்வரி மருந்தில் நனைத்த பஞ்சை எடுத்தார். நான் என் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.